1906 என்று பொறித்த சின்னப் பெசோ: மணிலாவில் நான் ஏமாந்த கதை

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில், அந்நாட்டு நாணயமான பெசோவில் பழைய வெள்ளிக் காசு வாங்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஓர் இலக்கத்தின் ஓரத்தைச் சுரண்டிய வேலைக்கு நான் 62,000 பெசோ கொடுத்தேன். நம் பணத்தில் 90,000 ரூபாய்க்கு மேல். நாணயம் வார்ப்புப் போலி அல்ல. வெள்ளியும் பித்தளைமேல் பூசிய வெள்ளி அல்ல. காந்தம் ஒட்டவில்லை, சுண்டினால் ஓசை சரியாக வந்தது. வழக்கமாகச் சொல்லித்தரும் சோதனைகள் எல்லாவற்றிலும் அது தேறிவிட்டது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

மகாத்தியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடந்த ராஜா தலை வெள்ளி ரூபாய்களைப் பார்த்து வளர்ந்தவன். இங்கே வந்த முதல் ஆண்டிலேயே அமெரிக்கர் ஆட்சிக்காலப் பெசோக்கள் மீது மனம் போய்விட்டது. ஒரு பக்கத்தில் நீண்ட அங்கி அணிந்த பெண், கையில் சுத்தியலுடன் பட்டடைக்கு அருகில் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் மாயோன் எரிமலை. மறு பக்கத்தில் அமெரிக்கக் கேடயத்தின் மேல் சிறகு விரித்த கழுகு. வடிவமைத்தவர் மெலெசியோ ஃபிகெரோவா என்ற பிலிப்பினோ செதுக்குக் கலைஞர். நாணயம் வெளிவந்த 1903-ஆம் ஆண்டிலேயே அவர் இறந்துவிட்டார். ஆண்டவர்களின் பெயரைத் தாங்கிய காசில் ஆளப்பட்டவர்களின் எரிமலையை அழியாமல் நிறுத்திவிட்டுப் போன மனிதர் என்று அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

இந்த வரிசையில் எல்லோரும் தேடுவது 1906-இல் சான் ஃபிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடித்த பெசோவை. ஆண்டுக்கு இடப்பக்கம் சின்னதாக ஓர் ‘எஸ்’ இருக்கும். அது ஏன் அரிது என்று தெரிந்தால்தான் நான் மாட்டிய பொறி புரியும்.

1903-இல் அமெரிக்கச் சட்டம் இரண்டு பெசோ ஒரு டாலர் என்று மதிப்பைக் கட்டிவைத்தது. பெசோவின் எடை 26.96 கிராம், அதில் 90 சதவீதம் வெள்ளி, விட்டம் 38 மில்லிமீட்டர். கையில் வைத்தால் கனம் தெரியும். 1905, 1906-இல் உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறியது. காசின் முகமதிப்பைவிட அதற்குள் இருக்கும் வெள்ளிக்கு விலை அதிகம் என்று ஆனதும், அதை உருக்குவதும் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் லாபமாகிவிட்டது. அரசு எடையையும் வெள்ளியின் அளவையும் குறைத்தது. 1907 முதல் பெசோ 20 கிராம், 80 சதவீத வெள்ளி, 35 மில்லிமீட்டர். பழைய பெரிய காசுகள் திரும்பப் பெறப்பட்டு உலைக்குப் போயின. 1906-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அடித்தது வெறும் 2,01,000. அவற்றிலும் பெரும்பகுதி உருகிப்போயிற்று. அதற்கு நேர்மாறாக 1908-இல் அதே நாணயச்சாலையில் சின்னப் பெசோ 2 கோடியே 9 லட்சத்துக்கும் மேல் அடிக்கப்பட்டது. இன்றும் அது எளிதில் கிடைக்கிறது. 1906, 1908 என்ற இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம் என்று கண்ணுக்குத் தெரியும்.

எர்மிட்டா பகுதியில் பழைய மரச் சிலைகள், கடிகாரங்கள், காசுகள் விற்கும் ஒரு கடை. பெயர் சொல்லப் போவதில்லை. அங்கே அதற்கு முன் நான்கைந்து முறை சின்னச் சின்ன நாணயங்கள் வாங்கியிருக்கிறேன். ஒன்றிலும் குறை இல்லை. கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், மரியாதையாகப் பேசுவார். அன்று என்னை உள்ளே உட்காரவைத்து, துணியில் சுற்றிய ஒரு பெசோவை எடுத்து மேசைமேல் வைத்தார். 1906, இடப்பக்கம் ‘எஸ்’. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

கையில் எடுத்தவுடனேயே ஒன்று உறுத்தியது: காசு சிறிதாக இருந்தது. அதை வாய்விட்டுக் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. “எடையைக் குறைக்கும் சட்டம் 1906-லேயே வந்துவிட்டது சார். ஆண்டுக் கடைசியில் புதிய அளவில் கொஞ்சம் அடித்துப் பார்த்தார்கள். இது அதில் ஒன்று. பெரிய 1906-ஐவிட இது இன்னும் அரிது” என்றார்.

சட்டம் 1906 டிசம்பரில் வந்தது உண்மை. அந்தத் தேதியை நானே முன்பு படித்திருந்தேன். படித்த ஒன்றை அவர் வாயிலிருந்தும் கேட்டதும், அதற்கு அடுத்து அவர் சொன்னதையும் சேர்த்து நம்பிவிட்டேன். பாதி உண்மையைச் சொல்பவனிடம் மீதியைக் கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை. தெருமுனை அடகுக் கடையில் கொடுத்து உரசிப் பார்க்கச் சொன்னேன். “வெள்ளிதான்” என்றார்கள். எத்தனை சதவீதம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 80 என்று வந்திருக்கும். அதையும் அவருடைய கதை விழுங்கியிருக்கும். விலையும் சந்தேகப்படும்படி அடிமட்டமாக இல்லை. மாலையில் பணத்தைக் கட்டி வாங்கிவந்தேன்.

ஏழு வாரங்கள் அதை தினமும் எடுத்துப் பார்த்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாணயம் சேகரிப்பவர்கள் கூடும் இடத்துக்கு எடுத்துப் போனேன். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் அங்கே வருவார். பெசோக்களையே ஆயுள் முழுக்கப் பார்த்தவர். பெருமையோடு அவர் கையில் வைத்தேன். பூதக்கண்ணாடியை அவர் எடுக்கவே இல்லை. காசை உள்ளங்கையில் இரண்டு முறை ஏந்தி இறக்கினார். அவ்வளவுதான். “இது 1908, இஹோ” என்றார். இஹோ என்றால் மகனே என்று பொருள். சின்ன அளவில் 1906 என்று ஒன்று கிடையாது, புதிய அளவு 1907 என்ற ஆண்டோடுதான் தொடங்குகிறது என்று மெல்லச் சொன்னார். தன் பையிலிருந்து 1905 பெசோ ஒன்றை எடுத்து என்னுடையதன்மேல் அடுக்கினார். என் காசு முழுவதும் அதன் அடியில் மறைந்துபோயிற்று.

அதன் பிறகுதான் பத்து மடங்கு லென்ஸைக் கொடுத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. சாய்வெளிச்சத்தில், கடைசி இலக்கத்தின் வலது மேற்புறத்தில் கடுகு அளவுக்கு ஓர் இடம் மட்டும் மற்ற தளத்தைவிட வழவழப்பாக, சற்றே குழிந்து இருந்தது. அதற்குள் ஒரே திசையில் ஓடும் நுண்ணிய கீறல்கள். நூறு ஆண்டு கைபட்டுத் தேய்ந்த காசில் கீறல்கள் எல்லாத் திசையிலும் போகும். உளிபட்ட இடத்தில்தான் இப்படி வரிசையாக நிற்கும். எட்டின் மேல்வளையத்தில் வலப்பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள். மேலே எஞ்சிய வளைவு ஆறின் வால் போல நீளாமல், மூடப்போகும் வளையம் போல உள்நோக்கித் திரும்பி நின்றது. அந்தக் குழியை மறைக்க அங்கே மட்டும் கொஞ்சம் கறுப்பேற்றியிருந்தார்கள். பெரியவர் பல்குத்தும் குச்சியின் முனையால் லேசாகத் தொட்டார். கறுப்பு, குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தது. கழுகின் சிறகில் இருந்த பழைய கறுப்போ அசையவில்லை.

மறுநாளே கடைக்குப் போனேன். அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. ரசீதைக் காட்டச் சொன்னார். அதை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். ‘பழைய வெள்ளிப் பெசோ, ஒன்று’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஆண்டு இல்லை, ‘எஸ்’ இல்லை, எடை இல்லை. “பழையதுதானே, வெள்ளிதானே?” என்றார். கல்லாவுக்கு மேலே, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்ற அட்டை தொங்கியது. அப்படி அட்டை மாட்டுவதையே இந்த நாட்டின் நுகர்வோர் விதிகள் தடைசெய்கின்றன என்று சொன்னதும் அவர் குரல் தணிந்தது. பணம் தர முடியாது, அதே மதிப்புக்கு வேறு நாணயங்கள் தருகிறேன் என்று ஒரு பெட்டியைத் திறந்தார்.

உள்ளே கறுத்துப்போன காசுகள். “கபாயோ விரிகுடாப் பெசோக்கள், கடலிலிருந்து எடுத்தவை” என்றார்.

அந்த வரலாறு உண்மையானது; கேட்டால் உடல் சிலிர்க்கும். 1942-இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது, மணிலாவிலிருந்து கொரெகிடோர் தீவுக்குக் கொண்டுவந்த வெள்ளி எதிரி கையில் சிக்கிவிடக்கூடாது என்று, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெசோக்களை மரப்பெட்டிகளில் வைத்துத் தீவுக்குத் தெற்கே கடலில் இறக்கினார்கள். பிறகு ஜப்பானியர், சிறைப்பட்ட அமெரிக்க மூழ்காளிகளைக் கொண்டு அவற்றை எடுக்க வைத்தார்கள். போருக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை நிறைய மீட்டது. இன்று சந்தையில் உலவும் பெசோக்களில் கறுத்தும் அரித்தும் இருப்பவை பல அப்படி வந்தவை. ஆனால் விலை என்று வரும்போது, உப்புநீர் தின்ற காசு சேதமடைந்த காசுதான். ஆண்டு சாதாரணமானதாக இருந்தால் வெள்ளி விலையை ஒட்டியே அது நிற்கும். அந்தப் பெட்டியை அவர் மதிப்பிட்டது அதைப்போலப் பல மடங்கு.

நான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அவற்றில் 20 சென்டாவோ (நூறு சென்டாவோ ஒரு பெசோ) காசு ஒன்று, அதே கறுப்போடு. ஆண்டு 1944, பக்கத்தில் டென்வர் நாணயச்சாலையின் ‘டி’. 1942-இல் கடலில் போட்ட பெட்டிக்குள் 1944-இல் அடித்த காசு எப்படிப் போயிற்று என்று கேட்டேன். பெட்டியை மூடிவிட்டார். கந்தகக் கரைசலில் ஒரு நிமிடம் முக்கினால் எந்த வெள்ளியும் இப்படிக் கறுக்கும். உயிரைக் கொடுத்து அந்தக் கடலில் மூழ்கியவர்களின் கதையை ஒரு கிண்ணம் கரைசலால் விற்கிறார்கள் என்பதுதான், என் 62,000-ஐவிட எனக்கு அதிகம் வலித்தது. பணம் இன்றுவரை வரவில்லை. முறைப்படி புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த ரசீது கைகொடுக்குமா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

வாங்கப் போகிறவர்கள் நகை எடைபோடும் சின்னத் தராசையும் விட்டம் அளக்கும் காலிப்பரையும் கையோடு கொண்டுபோங்கள். 1903 முதல் 1906 வரை என்றால் 26.96 கிராம், 38 மில்லிமீட்டர். தேய்மானத்தில் ஒரு கிராமில் பத்தில் சில பங்கு குறையலாம். ஆறு ஏழு கிராம் குறையாது. 1907 முதல் 1912 வரை என்றால் 20 கிராம், 35 மில்லிமீட்டர். இதற்கு விதிவிலக்கு என்று ஒரு கதை தொடங்கினால் அங்கேயே எழுந்துவிடுங்கள். மதிப்பிடும்போது முதலில் வெள்ளியைக் கணக்கிடுங்கள்: பெரிய பெசோவில் ஏறத்தாழ 24.26 கிராம், சின்னதில் 16 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் வருவது தரைவிலை. அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு பெசோவுக்கும் ஆண்டு, நாணயச்சாலைக் குறி, தேய்மானம் ஆகிய மூன்றில் எது காரணம் என்று விற்பவரைச் சொல்லவையுங்கள். பளபளவென்று தேய்த்துக் கழுவிய காசுக்குச் சேகரிப்பாளர் விலை கிடையாது.

ரசீதில் ஆண்டு, குறி, எடை, விட்டம் நான்கும் இருக்கவேண்டும். எழுத மறுத்தால் வாங்காதீர்கள். 1906 போன்ற விலை உயர்ந்த ஆண்டை, பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்கள் மூடி முத்திரையிட்ட பெட்டியில் அல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். அந்தப் பெட்டிகளிலும் போலி உண்டு. சான்று எண்ணை அவர்களுடைய தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையில் உள்ள காசோடு கீறல் கீறலாக ஒப்பிடுங்கள். ஸ்பானியர் காலத்தில், மெக்ஸிகோ போன்ற நாடுகளின் வெள்ளிக் காசுகள்மேல் மணிலாவில் முத்திரை குத்திப் புழங்கவிட்டார்கள் அல்லவா, அவற்றுக்கும் இதே எச்சரிக்கை: காசு அசலாக இருக்கும், முத்திரை போன மாதம் குத்தியதாக இருக்கும்.

என் காசை விற்கச் சொல்லி இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். பாதி விலைக்காவது யாராவது வாங்குவார்களாம். விற்கவில்லை. நானில்லாத காலத்தில் என் மகள் அதை 1906 என்று நம்பிக் கடைக்கு எடுத்துப் போய்விடக்கூடாது. அதனால் உறைக்குள் ஓர் அட்டையும் வைத்திருக்கிறேன்: ‘1908-எஸ். கடைசி இலக்கம் திருத்தப்பட்டது. 19.8 கிராம், 35 மில்லிமீட்டர். விற்பனைக்கு அல்ல.’