பங்குனியில் பார்த்த மனை, மார்கழியில் குளம்

நெல்லை பக்கம் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள், சம்பள நாளன்று கம்பெனி வாசலில் 'மாதத் தவணையில் வீட்டுமனை' என்று நோட்டீஸ் வாங்கியிருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் தச்சநல்லூரில் ஒற்றை அறையில் குடியிருக்கிறோம். வாடகை 4,500 ரூபாய். இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் மின்சாரம் இலவசம் என்பதெல்லாம் வீட்டு உரிமையாளருக்குத்தான். எங்களிடம் முதல் யூனிட்டிலிருந்தே பத்து ரூபாய். இரண்டு சென்ட் இருந்தால் தகரக் கொட்டகையாவது போட்டுக்கொள்ளலாம் என்று ஏங்கிய நேரத்தில்தான் அந்த நோட்டீஸ் கைக்கு வந்தது.

2021 பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் அழைத்துப் போனார்கள். டீ, உளுந்த வடை. மதுரை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒன்றரை ஏக்கர். மஞ்சள் பூசிய கற்கள், வாசலில் வளைவு, கலர் கொடிகள். "புள்ளிமான் சரணாலயம் பக்கம்தான் தங்கச்சி, காற்று அள்ளிக்கொண்டு போகும்" என்றார் மனை விற்ற அண்ணாச்சி. தங்கச்சி என்று கூப்பிட்டதில் நான் பாதி கவிழ்ந்துவிட்டேன்.

தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. என் மகள் அந்த வெடிப்புகளுக்குள் கையை விட்டு வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள் பொறுக்கி, துப்பட்டாவில் முடிந்துகொண்டாள். வயல்காட்டில் வளர்ந்தவள் நான். காய்ந்த நிலத்தில் நத்தைக்கு என்ன வேலை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

முன்பணம் 40,000; பிறகு மாதம் 5,000 வீதம் 24 மாதம். ஓவர்டைம் பணம் அத்தனையும் அதற்கே போனது. 2023 ஆனியில் பத்திரப் பதிவு. அரைநாள் விடுப்பில் ஓடிப்போய்க் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாலை ஷிப்டுக்குத் திரும்பினோம். பத்திரத்தை அன்றே படித்திருந்தால் தெரிந்திருக்கும்: மனை எண் இல்லை, நான்கு எல்லையைச் சொல்லும் செக்குபந்தி இல்லை, புஞ்சை நிலத்தில் 'பிரிபடாத பாகம்', அதாவது எந்த இடம் என்று பிரித்துக் காட்டாத பங்கு என்று மட்டும் இருந்தது. அங்கீகாரம் இல்லாத புது மனையை, மனை என்று எழுதி 2016 அக்டோபருக்குப் பிறகு பதிய முடியாது. அதைச் சுற்றிப்போக இவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி இது. பதிவு நடந்துவிட்டது என்பதற்காக வீடு கட்ட அனுமதி வந்துவிடாது. ஊராட்சியில் முடியாது என்றார்கள். வங்கியில் பத்திரத்தைப் பார்த்ததுமே மடித்துத் திருப்பித் தந்தார்கள்.

அந்த டிசம்பர் 17, 18 மழையை நெல்லைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஜங்ஷனிலேயே வெள்ளம் நின்றதே. ஒரு வாரம் கழித்து மனையைப் பார்க்கப் போனோம். இடுப்பளவு தண்ணீர். எங்கள் கல் எது என்றே தெரியவில்லை. தெரிந்த ஒன்றிரண்டு மஞ்சள் நுனிகளில் கொக்குகள் உட்கார்ந்திருந்தன. கரையில் ஆடு மேய்த்த பெரியவர், "இது குளத்து உள்வாய் அம்மா. நல்ல மழை பெய்தால் நிறைந்துவிடும். வாங்குமுன் ஊருக்குள் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?" என்றார். அவர் ஒவ்வொரு ஞாயிறும் அங்கேதான் நின்றிருக்கிறார். வேன் அவரைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

அண்ணாச்சியின் கைபேசி அணைந்துவிட்டது. மாடியில் அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்திருக்கிறோம், காவல் துறையிலும் புகார் கொடுத்திருக்கிறோம். குளத்தில் மனை வாங்கியவள் கொக்கிரகுளத்தில் வரிசையில் நிற்பதை நினைத்துச் சிரித்தேன், வேறென்ன செய்ய?

'அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்' என்று சொன்னால் அங்கீகாரம் இல்லை என்று அர்த்தம். நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி. தந்த அங்கீகார எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 500 சதுர மீட்டரையும் எட்டு மனைகளையும் தாண்டிய லேஅவுட், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாமல் விளம்பரம் செய்வதே குற்றம். எங்களுடையதில் ஐம்பதுக்கு மேல் மனைகள், பதிவு எண் கிடையாது. வில்லங்கச் சான்றிதழோடு பட்டாவையும் புல வரைபடத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒருமுறை நேரில் போய் நில்லுங்கள்.

போன சம்பள நாளில் புது நோட்டீஸ் கொடுத்தார்கள். பெயர் வேறு, தொலைபேசி எண் வேறு. படத்தில் இருப்பது அதே வளைவு. வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு வேன் கிளம்புகிறதாம்.