ஆங்கியில் கான்ஜி படிப்பது: சில ஆண்டு அனுபவம்

ஜப்பானில் அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வைத்திருக்கும் பட்டியலில் 2136 கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள், இருக்கின்றன. அதில் 1026ஐ அந்த ஊர்ப் பிள்ளைகளே தொடக்கப் பள்ளியில் ஆறு வருடம் படிக்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கு ஒரு துணை வேண்டும். எனக்குச் சில ஆண்டுகளாக, கேள்வி-பதில் அட்டைகளை மறக்கும் முன் திரும்பத் திரும்பக் காட்டும் ஆங்கி செயலிதான் துணை. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஆனால் புரிந்ததை மறக்காமல் காப்பதுதான் அதன் வேலை. எழுத்தைப் பிரித்துப் புரிந்துகொள்வதை நாம்தான் முதலில் செய்ய வேண்டும்.

கோயிலைக் குறிக்கும் கான்ஜியையே பாருங்கள். ஒலி ‘ஜி’. அதன் இடப்பக்கம் சூரியன் சேர்ந்தால் நேரம், கை சேர்ந்தால் பிடித்தல், ஆள் சேர்ந்தால் சாமுராய். மூன்றுக்கும் சீன வழி ஒலி அதே ‘ஜி’தான். பேச்சு சேர்ந்தால் கவிதை. ஒலி மட்டும் ‘ஷி’ என்று கொஞ்சம் திரியும். இடப்பக்கம் பொருளுக்குத் துப்பு, வலப்பக்கம் ஒலிக்குத் துப்பு. கான்ஜியில் பெரும்பகுதி இப்படி உருவானவைதான். நடை சேர்ந்தால் வரும் காத்திருத்தல் இதே குடும்பம் என்றாலும் அதன் ஒலி ‘தாய்’. இப்படி விலகிப் போகிறவை எவை என்று தெரிந்துவிட்டால் அவற்றுக்கு மட்டும் தனியாக மெனக்கெட்டால் போதும். இதைப் பார்க்காமல் ஒவ்வொரு எழுத்தையும் தனிப் படமாக மனதில் ஏற்றுவது வீண் உழைப்பு.

அப்புறம், அட்டையில் தனி எழுத்தை வைக்காதீர்கள், சொல்லை வையுங்கள். பிறப்பு, உயிர் என்று பொருள்படும் கான்ஜி ஆசிரியரைக் குறிக்கும் ‘சென்சே’யில் ‘சே’. பிறந்தநாளான ‘தான்ஜோபி’யில் ‘ஜோ’. தனியாக நின்றால் ‘நாமா’, அதாவது பச்சையானது. எல்லா ஒலியையும் ஒரே அட்டையில் ஒப்பிக்க முயன்றால் எதுவும் நிற்காது. சீனம் படிப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கே பெரும்பாலான எழுத்துக்கு ஒரே உச்சரிப்புதான்.

நாளுக்கு 20 புது அட்டை என்பது ஆங்கி தானாக வைத்திருக்கும் அளவு. கான்ஜிக்கு அது அதிகம். இன்று சேர்ப்பதெல்லாம் நாளையும், அடுத்த வாரமும், அடுத்த மாதமும் திரும்பி வரும். பாதியாகக் குறையுங்கள். அட்டை அடுத்து எப்போது வர வேண்டும் என்று கணக்கிட 2023இல் ஆங்கியில் வந்த எஃப்எஸ்ஆர்எஸ் முறையைக் கட்டாயம் இயக்குங்கள். என் தினசரிச் சுமை நன்றாகவே இறங்கியது. நினைவு இலக்கு, அதாவது திரும்பி வரும் அட்டைகளில் எத்தனை நினைவிருக்க வேண்டும் என்பது, 90 சதவீதத்திலேயே இருக்கட்டும். ஆசைப்பட்டு 95 ஆக்கினால் அட்டைகள் குவிந்துவிடும்.

கையால் எழுத வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும், எழுதத் தேவையில்லை. ஆனாலும் நான் எழுதுகிறேன், குழம்புகிற எழுத்துகளை மட்டும். எட்டு முறை மறந்த அட்டைக்கு ஆங்கி தானே அடையாளம் இடும், அமைப்பில் சொல்லி வைத்தால் ஒதுக்கியும் வைக்கும். அப்படி ஒதுங்குபவை பெரும்பாலும் பிடித்தல், காத்திருத்தல் போன்ற இரட்டைகள். இரண்டையும் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். பிடித்தலில் கையைக் குறிக்கும் இடப்பக்கத்தில் கடைசிக் கோடு கீழிருந்து மேலேறும். காத்திருத்தலில் நடையைக் குறிக்கும் இடப்பக்கத்தில் மேலே இரண்டு சாய்கோடுகள், அப்புறம் ஒரு நேர்கோடு. கண்ணுக்குத் தப்பிய வித்தியாசம் கைக்குப் பிடிபட்ட பிறகுதான் அட்டையை மறுபடி வரிசையில் விடுவேன்.