வயதான போட்டிக் குதிரை: ஊசியா, மாத்திரையா, இளவேலையா, முழு ஓய்வா?

2000 சிட்னி ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் (குதிரை நடை நேர்த்திப் போட்டி) தங்கம் வென்றபோது பான்ஃபயர் என்ற குதிரைக்கு 17 வயது. அத்தோடு போட்டிக்கு முழுக்கு. அதன்பின் 30 வயது வரை இருந்தது. ஆக, வயதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. பின்னங்காலின் நடுவில் இருக்கும் ஹாக் மூட்டு தேய்ந்து, காலையில் லாயத்தைவிட்டு வரும்போது முதல் பத்து எட்டைக் குச்சி குச்சியாக வைக்கிற குதிரைக்கு எது நல்லது என்பதுதான் கேள்வி.

மூட்டு ஊசி

பெரும்பாலும் ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு, கூடவே மூட்டு வழுக்கலுக்கு ஹயலூரோனிக் அமிலம். மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு குருத்தெலும்பை அரிக்கும் என்பதால் அதிகம் அசையாத கீழ் ஹாக் மூட்டுகளுக்கு மட்டுமே சரி. குஷிங்ஸ் என்ற ஹார்மோன் நோய் இருக்கும் குதிரைக்கு ஸ்டீராய்டு குளம்பு அழற்சியைக் கிளப்பிவிடலாம். வயதான குதிரை என்றால் முதலில் ரத்தத்தில் ஏசிடிஎச் (அந்த நோயைக் காட்டும் ஹார்மோன்) அளவைப் பார்த்துவிட வேண்டும். ஊசிக்குப் பின் மூட்டு சூடாகி, காலை ஊன்றவே மறுத்தால் தொற்று என்று எண்ணி அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

ஊசி தவறில்லை. ஆண்டுக்கு ஒன்று போதுமாயிருந்தது மூன்று மாதத்துக்கு ஒன்று என்று ஆகிவிட்டால், குதிரையின் மூட்டு தாங்குவதைவிட வேலை அதிகம். அப்போதும் அதே உயரத் தடையைத் தாண்டவைப்பது வைத்தியம் ஆகாது.

தினசரி வலிமாத்திரை

ஃபினைல்பியூட்டசோன் 500 கிலோ குதிரைக்கு முதல் நாள் 2.2 கிராம் வீதம் இருவேளை, பிறகு பாதி, அதன்பின் எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் போதுமோ அவ்வளவு. இரைப்பைப் புண், வலப் பெருங்குடல் அழற்சி, சிறுநீரகக் கேடு மூன்றும் வரலாம். தண்ணீர் குடிக்காத நாளில் ஆபத்து இன்னும் கூடும். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் இறங்கினால் குடல் கெடுகிறது என்று சந்தேகிக்கலாம். இன்னொரு மாத்திரையான ஃபிரோகாக்சிப் ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம். வயிற்றுக்குக் கொஞ்சம் மென்மை, சிறுநீரகத்துக்கு அப்படியில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

மேய்ச்சலில் நிற்கும் கிழக் குதிரைக்கு இது நிம்மதி. சவாரிக் குதிரைக்கோ, எங்கே வலிக்கிறது என்று சவாரிக்காரரிடம் சொல்லும் ஒரே வழியையும் அடைத்துவிடும். எஃப்இஐ (சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு) போட்டிகளில் இந்த மருந்துகள் உடலில் இருக்கவே கூடாது.

தரம் இறக்கி இளவேலை

என் ஓட்டு இதற்குத்தான். தேய்ந்த மூட்டுக்கு அசைவு வேண்டும். வாரம் இரண்டு நாள் நெடுஞ்சவாரியைவிட ஐந்து நாள் குறுஞ்சவாரி மேல். முதல் 20 நிமிடம் வெறும் நடை, பிறகு நேர்கோட்டில் டிராட் (மெதுவோட்டம்). 20 மீட்டருக்குக் குறைந்த வட்டமும் கயிற்றில் சுற்றவிடுவதும் வேண்டாம்: உள்பக்க மூட்டில் பளு ஏறும். ஆழ்ந்த மணல் தசைநாரை இழுக்கும். கெட்டித் தரை மூட்டை அதிரவைக்கும். லாடம் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை. லாடம் அடிப்பவர் காலை உயர்த்திப் பிடிக்காமல் தாழ்த்திப் பிடிக்கட்டும். முதுகுச் சதை வற்றுவதால் பழைய சேணம் வயதான குதிரைக்குப் பொருந்தாது. தவறாமல் சரிபார்க்க வேண்டும். பல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

சவாரியின்போது காது பின்னுக்குப் போவது, வாலைச் சுழற்றுவது, வாயைத் திறப்பது என்று 24 நடத்தைகள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. எட்டு அல்லது அதற்கு மேல் தெரிந்தால் வலி இருக்க வாய்ப்பு அதிகம். “கிழட்டுப் பிடிவாதம்” என்று சொல்லுமுன் அதை எண்ணிப் பாருங்கள்.

இது பெரும்பாலும் கெடுவது ஒரே இடத்தில்: “இனி லேசான வேலைதான்” என்று பயிற்சிப் பள்ளிக்குக் கொடுத்துவிடுவது. அங்கே முதுகில் தொப்தொப்பென்று விழும் புதியவர்களோடு தினம் மூன்று மணி நேரம். பழைய போட்டியே தேவலை.

முழு ஓய்வு

திடீரென்று நிறுத்தக் கூடாது. ஆறு வாரமாவது வேலையையும் தீனியையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அடைத்த லாயத்தில் நிற்பது ஓய்வல்ல, விறைப்பு. திறந்தவெளி வேண்டும், துணைக்கு அமைதியான குதிரையும் வேண்டும். விறைத்த குதிரையை மற்றவை தீனியிலிருந்து விரட்டும். எத்தனை குதிரையோ அதைவிட ஒரு வைக்கோல் குவியல் கூடுதலாகப் போடலாம். செழித்த புல்லும் குஷிங்ஸும் சேர்ந்தால் மறுபடி குளம்பு அழற்சிதான்.

மேய்ச்சலில் விட்டதும் யாரும் பார்ப்பதில்லை என்பதே இந்த வழியின் பெரிய குறை. படுத்து எழுந்ததற்கு அடையாளமாக உடம்பின் பக்கவாட்டில் மண் ஒட்டியிருக்கிறதா, முன்கால் ஃபெட்லாக்கின் (குளம்புக்கு மேலுள்ள மூட்டு) முன்புறம் சிராய்ப்பு உண்டா என்று தினமும் பார்க்க வேண்டும். எழ வலிப்பதால் படுக்காத குதிரை, நின்றபடி தூங்கி முட்டி மடிந்து விழும். சிராய்ப்பு அதில் வருவது. மருந்தை மாற்றிய பிறகும் அது படுக்கவில்லை என்றால், மருத்துவரிடம் கருணைக்கொலை பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது.