ஆம்காஸ் பாடப் பிரிப்பு: விதி நல்லது, படிவம்தான் படுத்துகிறது

அமெரிக்காவில் எம்.டி. படிப்புக்கு (அங்கே மருத்துவராவதற்கான அடிப்படைப் பட்டம்) விண்ணப்பிக்கிறவர்களில் பெரும்பாலோர் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகத்தான் போகவேண்டும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் சேர்த்து 'பிசிபிஎம்' என்று ஒரு தனி ஜிபிஏ (4.0 அளவிலான மதிப்பெண் சராசரி) போடுகிறார்கள். மற்றதெல்லாம் வேறு கணக்கு.

பாராட்ட வேண்டியது அடிப்படை விதியை. எந்தத் துறை நடத்தியது என்பதல்ல, பாடத்தில் பெரும்பகுதி என்ன என்பதுதான் அளவுகோல். உளவியல் துறை நடத்தினாலும் புள்ளியியல் கணிதத்தில் சேரும். நரம்பியல் உயிரியலிலும், வானியல் இயற்பியலிலும் போகும். ஆனால் உளவியல், பொதுச் சுகாதாரம், ஊட்டச்சத்து, கணினி அறிவியல் எதுவும் பிசிபிஎம்மில் வராது. புவியியலும் வானிலையியலும்கூட வெளியேதான். பெயரில் அறிவியல் இருப்பதை நம்பி ஏமாறாதீர்கள்.

பொறியியல் மாணவர்களுக்குத்தான் திண்டாட்டம். வெப்ப இயக்கவியலைப் பொறியியல் துறையில் படித்திருந்தால் பொறியியல் என்று குறிப்பதா, இயற்பியல் என்று குறிப்பதா? முடிவு உங்களுடையது, சரிபார்ப்பவர் அதை மாற்றலாம். சிலபஸ் கையில் இல்லாமல் துணிய வேண்டாம். இயற்பியலாகக் குறித்துக் கிடைக்கும் லாபமும் அற்பம்: 60 கிரெடிட்டுக்கு 3.4 வைத்திருப்பவர் 3 கிரெடிட் 'ஏ' ஒன்றைச் சேர்த்தால் 3.43தான் ஆகும்.

திரும்ப எழுதிய பாடத்தில் இரண்டு மதிப்பெண்ணும் எண்ணப்படும். 4 கிரெடிட் கரிம வேதியியலில் முதலில் 'சி', பிறகு 'ஏ' என்றால் அந்த 8 கிரெடிட்டுக்குச் சராசரி 3.0. 'ஏ பிளஸ்' வாங்கினாலும் 4.0க்கு மேல் கிடையாது. டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கான விண்ணப்பச் சேவையான ஆகோமாஸில் கணிதம் அறிவியல் கணக்கிலேயே சேராது. ஒரே மாணவருக்கு இரண்டு இடத்தில் இரண்டு எண் வருவது இதனால்தான்.

படிவம் பொறுமையைச் சோதிக்கும். ஒவ்வொரு பாடத்தையும் டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியலில்) உள்ளபடியே நீங்களே தட்டச்சு செய்யவேண்டும். பாதியில் விட்ட பாடமும் அடக்கம். ஒரே ஒரு கோடைகாலப் பாடம் படித்த சமுதாயக் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டையும் கேட்பார்கள், கிரெடிட் மாற்றப்பட்டிருந்தாலும் சரி. பலருக்கு விண்ணப்பம் தேங்குவது இதில்தான். கூட்டம் அதிகமான மாதங்களில் சரிபார்ப்புக்கே ஆறு வாரம் வரை ஆகலாம்.

ஆம்காஸ் மாற்றிய பாடப் பிரிவு தவறென்று பட்டால், விண்ணப்பம் சரிபார்த்து முடிந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் கல்விப் பதிவு மாற்றக் கோரிக்கை கொடுத்துவிட வேண்டும்.