ராஜ்தூத் 350: பிரேக்கைப் பழகியவனுக்கே வண்டி

ராஜ்தூத் 350 பைக் என்று பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் ஒரு விபத்துக் கதையைத் தொடங்கிவிடுவார். அதன் யமஹா பெயரான ஆர்.டி. என்றால் ‘ரேபிட் டெத்’ என்று அந்தக் காலத்திலேயே பெயர் வைத்துவிட்டார்கள். கோவையில் பழைய வண்டி வைத்திருக்கும் நாங்கள் ஞாயிறு காலையில் டீக்கடையில் கூடினால், என்னைவிட மூத்த அண்ணன்மார் எல்லாரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். இரண்டாவது கியரில் முன்சக்கரம் தூக்கியது, வளைவில் நிற்காமல் நேராகப் போனது, பின்னால் உட்கார்ந்திருந்தவர் ரோட்டிலேயே தங்கிவிட்டது என்று. பல வருடம் ஓட்டிய பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. இந்தக் கதைகளில் பாதிக்கு மேல் வேகத்தைப் பற்றியவையே கிடையாது. நிறுத்த முடியாமல் போனதைப் பற்றியவை.

வண்டியின் பூர்வீகம் தெரிந்தால் இது புரியும். 1973-இல் யமஹா வெளியிட்ட ஆர்டி350-க்கு 39 குதிரைத்திறன், முன்னால் டிஸ்க் பிரேக். அதன் வழிவந்த மாடலைத்தான் 1983-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இங்கே ராஜ்தூத் 350 என்று கொண்டுவந்தது. அதே 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். மைலேஜுக்காக இன்ஜினை அடக்கினார்கள். எச்.டி. (ஹை டார்க்) மாடலில் சுமார் 30 குதிரைத்திறன், பின்னால் வந்த எல்.டி.யில் (லோ டார்க்) 27. சக்கரத்தோடு சுற்றும் தட்டைக் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் போய், உருளைக்குள் இரண்டு ஷூ விரிந்து உரசி நிறுத்தும் டிரம் வந்தது. சக்தி கால்வாசி குறைந்தும் பயம் மட்டும் ஏன் கூடியது? டிஸ்க் இருந்த இடத்தில் டிரம் வந்ததுதான் காரணம் என்பேன். அதோடு, அன்று புல்லட் 350-க்கு 18 குதிரைத்திறன், யெஸ்டிக்கு 16. அந்த வண்டிகளில் பழகிய கை நேராக இதில் வந்து உட்கார்ந்தது.

என்னுடையது எல்.டி. எச்.டி. வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. காந்திபுரம் நெரிசலில் நாலாயிரம் ஆர்.பி.எம்.முக்குக் கீழே ஓட்டினால் பரம சாது. லேசாகப் புகையும், கொஞ்சம் இருமும், அவ்வளவுதான். ஐயாயிரத்தைத் தாண்டும்போது சைலன்சர் சத்தம் மாறும். அடித்தொண்டையில் இருந்த குரல் சட்டென்று மேலே ஏறும். அந்த நொடியில் கை அசையாமல் இருக்கும்போதே வண்டி தானாக முன்னால் பாயும். ஆக்சிலேட்டரைத் திருப்பிய அளவுக்குச் சக்தி வருவதில்லை, தாமதமாக மொத்தமாக வருகிறது. அதனால் வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றுவது, வளைவின் நடுவில் முறுக்குவது இரண்டும் கூடாது. எந்த கியரில் வெளியே வரவேண்டுமோ அந்த கியரில்தான் உள்ளே போக வேண்டும். இதைப் பழகிவிட்டால் இன்ஜின் உங்களை ஒருபோதும் ஏமாற்றாது.

பிரேக் அப்படி இல்லை. டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆக்சிலேட்டரை மூடினால் இன்ஜின் இழுத்துப் பிடிக்கும் என்று எதிர்பார்க்கவே முடியாது. மொத்தப் பாரமும் பிரேக் மேல்தான். முன்டிரம்மில் இரண்டு ஷூவும் சக்கரம் சுற்றும் திசையிலேயே கடிக்கும் அமைப்பு, அதாவது ட்வின் லீடிங் ஷூ. அந்தக் காலத்து டிரம்களில் நல்ல ஜாதிதான். ஆனால் இரண்டு மூன்று முறை வேகத்திலிருந்து அடுத்தடுத்துப் பிடித்தால் சூடேறித் தளர்ந்துவிடும். மழையில் முதல் பிடியில் ஒன்றுமே நடக்காது, இரண்டாவது பிடியில் சட்டென்று கடிக்கும்.

என் மெக்கானிக் அண்ணன் முதல் நாளே சொன்னார்: “தம்பி, முறுக்கறது யாரு வேணும்னாலும் முறுக்கலாம். எங்க புடிக்கோணும்னு முன்னாலயே பாத்து வெச்சுக்கோணும்.” அவர்தான் முன்பிரேக்கின் இணைப்புக் கம்பியைச் செட் செய்யக் கற்றுக்கொடுத்தார். டிரம் தட்டின் வெளியே இரண்டு சின்ன லீவர், நடுவில் அவற்றை இணைக்கும் கம்பி. கேபிள் ஒரு லீவரைத்தான் இழுக்கும், கம்பி மற்றதை இழுக்கும். கம்பியின் நீளம் ஒரு துளி தப்பினாலும் ஒரு ஷூ மட்டும் உரசும், இன்னொன்று சும்மா கிடக்கும். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, லாக் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே பிரேக்கை மெல்ல இழுக்க வேண்டும். முதல் ஷூ உரசும் ‘சர்ர்’ சத்தம் கேட்டதும் லீவரை அங்கேயே பிடித்துக்கொண்டு, இரண்டாவது ஷூவும் அதே இடத்தில் உரசத் தொடங்கும்வரை கம்பியைத் திருப்ப வேண்டும். பத்து நிமிட வேலை. இதைச் செய்த வண்டியும் செய்யாத வண்டியும் ஒரே மாடல் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ‘ஆர்.டி.யில் பிரேக்கே கிடையாது’ என்று அலுத்துக்கொள்பவர்களின் வண்டியில் முதலில் இந்தக் கம்பியைத்தான் பார்ப்பேன்.

இந்த டிரம்முக்கு இன்னொரு குணமும் உண்டு. மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியார் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் நிற்க வேண்டி வந்தால் முன்பிரேக்கை நம்பாதீர்கள். வண்டி பின்னோக்கி உருளும்போது இரண்டு ஷூவும் கடிக்கும் வேகத்தை இழந்துவிடும். பின்பிரேக்கில் கால் இருக்க வேண்டும். இறக்கத்திலோ கவலை வேறு. இதில் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான 2டி ஆயிலைத் தனி டேங்கில் ஊற்றுவோம். பம்ப் அதை ஆக்சிலேட்டர் திறப்புக்கு ஏற்ப இன்ஜினுக்கு அனுப்பும். ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு நீண்ட இறக்கத்தில் வந்தால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயில் மட்டும் சொட்டுதான் போகும். பிஸ்டன் பிடித்துக்கொள்வது அப்படித்தான். இடையிடையே ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு வந்தால் போதும்.

நம் ஊர்க் கதை மட்டும் இல்லை இது. 1969-இல் கவாசாகி எச்1 வந்தபோது மூன்று சிலிண்டர், 500 சிசி, 60 குதிரைத்திறன், முன்னால் டிரம் பிரேக். அதற்கு அமெரிக்காவில் ‘விதவையாக்கி’ என்று பட்டப்பெயர். அதிலும் சக்தி திடீரென்று வரும், சட்டகமும் பிரேக்கும் அதற்கு ஈடுகொடுக்காது. இங்கே அதே ராஜ்தூத் 350 சென்னைக்கு அருகே சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓடியது. தெரிந்த கையில், தயார்செய்த வண்டியாக, அது ராஜாவாகத்தான் இருந்தது. சோழவரம் பார்த்த பெரியவர்கள் அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பராமரிப்புக்கு வருகிறேன். இன்ஜின் நம்பகமானது, ஆனால் கிராங்க் ஷாஃப்ட்டின் இரண்டு ஓர சீல்களையும் கவனிக்க வேண்டும். வலது சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிக்கொண்டு வெள்ளைப் புகை தள்ளும். இடது சீல் போவதுதான் ஆபத்து. அது காற்றை உள்ளே விடும், பெட்ரோல்-காற்றுக் கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் உருகும். சிக்னலில் நிற்கும்போது ஐடில் தானாக ஏறினால் அப்போதே வண்டியை ஓரங்கட்டுங்கள். கிராங்க் வேலையை எல்லா லேத்திலும் கொடுக்கக் கூடாது. கோவையில் லேத்துக்குப் பஞ்சம் இல்லை, ஆனால் அழுத்திப் பொருத்திய கிராங்கைப் பிரித்து, திரும்ப நேர்கோட்டில் சேர்க்கத் தெரிந்த கை அபூர்வம்.

பாகங்கள் கிடைக்கின்றன, விலைதான் வலிக்கிறது. மைலேஜ் இருபதைத் தொட்டால் சந்தோஷப்படலாம். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்தபிறகு கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினேன், பெட்ரோல் டேப் ரப்பரையும் மாற்றினேன். ஆர்.சி. புதுப்பிப்பு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. அலைச்சல்தான், ஆனால் நடக்கும்.

தினமும் ஓட்டுவதற்கு என்றால் முன்னால் டிஸ்க் மாற்றிவிடுங்கள். ‘ஒரிஜினாலிட்டி போச்சு’ என்பவர்களிடம், ஜப்பான் ஒரிஜினலில் டிஸ்க்தான் இருந்தது என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி என்றால் டிரம் போதும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், பிரேக் ஷூவின் லைனிங்கைத் தேயவிடாமல்.

வாங்கப் போகும்போது பெயிண்டையும் குரோமையும் பார்த்து மயங்காதீர்கள். இன்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டும் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். எல்.டி.யை எச்.டி. என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. பிறகு ஓட்டிப் பாருங்கள். காலியான ரோட்டில் நாற்பதில் போய் முன்பிரேக்கை மட்டும் மெல்லப் பிடியுங்கள். லீவர் விரலுக்கடியில் துடித்தால் டிரம் வட்டம் தப்பியிருக்கிறது. லேத்தில் கடைந்து சரிசெய்யலாம். ஏற்கெனவே கடைந்து மெலிந்த டிரம் என்றால் வேறு டிரம் தேட வேண்டியிருக்கும், அந்தப் பணத்தை விலையில் கழித்துப் பேசுங்கள்.