பல்கலைக்கழகத்துக்கு வந்த புதிய இசை ஆசிரியர்கள்: கோலாலம்பூர் மாலை நேர வகுப்பு பற்றிய மதிப்புரை

கோலாலம்பூரில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் இசைத் துறை, கர்நாடக வாய்ப்பாட்டுக்கு ஓர் ஆசிரியையையும் மிருதங்கத்துக்கு ஓர் ஆசிரியரையும் புதிதாக நியமித்ததோடு, பட்டப் படிப்பில் சேராத வெளியாரும் வந்து பயிலும்படி மாலை நேர வகுப்பு ஒன்றையும் தொடங்கியிருக்கிறது. பெரும்பாலும் கீதம் (தொடக்கப் பயிற்சிகளுக்குப் பின் கற்கும் எளிய பாடல்) வரையாவது கற்றவர்களுக்கான அந்த வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் பயின்ற அனுபவத்தில் இதை எழுதுகிறேன். ஆசிரியர்கள் இருவரும் ஓராண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். அது புதுப்பிக்கப்படுமா என்பது முடிவாகாத நேரத்தில் அவர்களுடைய பெயரையோ பல்கலைக்கழகத்தின் பெயரையோ வெளியிடுவது முறையாகாது என்பதால் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது சுருதியைப் பற்றி. பலரைச் சேர்த்து உட்காரவைத்துப் பாட்டுக் கற்பிக்கும் இடங்களில் சுருதிப் பெட்டியை ஒரே கட்டையில், அதாவது ஒரே அடிப்படைச் சுருதி அளவில், வைத்துவிட்டு, ஆண், பெண், சிறுவர் அனைவரையும் அதிலேயே பாடச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஐந்து கட்டையில் தார ஷட்ஜத்தை (மேல் 'ஸ') எட்ட முடியாமல் ஆண்கள் தொண்டையை இறுக்குவதும், ஒரு கட்டையில் மந்திர ஸ்தாயிக்கு (கீழ் ஸ்வரங்களுக்கு) இறங்கும்போது பெண்களின் குரல் காற்றாகிப் போவதும் அதன் விளைவுகள். புதிய ஆசிரியை முதல் வகுப்பிலேயே ஒவ்வொருவரையும் தனியாக மந்திர பஞ்சமத்திலிருந்து மேல்நோக்கிப் பாடச் செய்து, குரல் எங்கே தெளிவாக நிற்கிறது, எங்கே நெருக்கடிப்படுகிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவு தன் சுருதியில் பாடும்போது மற்றப் பிரிவு தாளம் போட்டபடி கேட்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். பாடும் நேரம் பாதியாகக் குறைகிறதே என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் அடுத்தவர் பாடுவதை உன்னிப்பாகக் கேட்கப் பழகிய பிறகுதான் சொந்தக் குரலில் சுருதி இறங்குவதைப் பலரும் தாமாகவே உணரத் தொடங்கினார்கள் என்பதை நான் கண்ணெதிரே பார்த்தேன்.

அவருடைய திறமை முழுமையாக வெளிப்பட்டது தோடி ராகத்தில். நம் நகரத்துப் பிள்ளைகள் பலர் பியானோவில் பிரிட்டனின் ஏபிஆர்எஸ்எம் இசைத் தேர்வுகள் எழுதிவிட்டுப் பிறகு பாட்டுக்கு வருகிறார்கள். சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள் மேற்கத்திய இசையின் மேஜர் ஸ்கேலின் ஸ்வரங்களே என்று அறியும்போது அவர்களுக்குத் துணிச்சல் பிறக்கிறது. தோடியும் அப்படியே பியானோவில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஸ்வர ஸ்தானங்கள் கிடைக்கும், ராகம் கிடைக்காது. தாளில் 'க' என்று ஓர் எழுத்தாக நிற்கும் சாதாரண காந்தாரம், தோடியில் ரிஷபத்தை (ரி) ஒட்டிப் புறப்பட்டு மத்யமத்தை (ம) நோக்கி அசைந்து திரும்பும் ஒரு கமகம், அதாவது ஸ்வர அசைவு. அதை அசைவின்றித் தட்டையாகப் பாடிய ஒரு மாணவியை ஆசிரியை திருத்திய விதம் நினைவில் நிற்கத்தக்கது. ரிஷபத்தை மட்டும் நீளமாக நிறுத்தச் சொன்னார். பிறகு மத்யமத்தை மட்டும். பிறகு இரண்டுக்கும் இடையே மிக மெதுவாக ஏறி இறங்கச் சொல்லி, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினார். காந்தாரம் என்ற சொல்லையே அதுவரை அவர் உச்சரிக்கவில்லை. அந்த மாணவி தோடியின் காந்தாரத்தைப் பாடிக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்கு முன்பே எங்களுக்குப் புரிந்துவிட்டது. பியானோ கற்றதைக் குறையாகப் பேசாமல், அங்கே பெற்ற ஸ்வர ஞானத்தைப் படியாக வைத்து மேலே ஏற்றும் இந்தப் பொறுமையை நான் அதிகம் பார்த்ததில்லை.

மிருதங்க ஆசிரியர் குறைவாகப் பேசுபவர், நிறைய வாசித்துக் காட்டுபவர். பாட்டு மாணவர்களும் அவரிடம் மிருதங்கத் தாளச் சொற்களான சொற்கட்டுகளை வாயால் சொல்லிப் பழக வேண்டும் என்ற விதி நல்ல விதி.

மேடையில் பாடுபவர்களைப் பல்கலைக்கழக ஆசிரியர்களாக்குவது புதிய வழக்கமன்று. 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைப் பிரிவில் டைகர் வரதாச்சாரியாரும் தண்டபாணி தேசிகரும் பணியாற்றினார்கள். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் புல்லாங்குழல் கலைஞர் தி. விஸ்வநாதனும் மிருதங்கக் கலைஞர் தி. ரங்கநாதனும் நெடுங்காலம் கற்பித்தார்கள். நம் ஊரிலோ மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் தோன்றிய இந்திய ஆய்வியல் துறை இருந்தும், பாட்டையும் மிருதங்கத்தையும் கற்பிக்கும் சுமையைப் பெரும்பாலும் 1981-இல் தோன்றிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்னும் கலைப் பள்ளி போன்ற அமைப்புகளும், வீட்டிலும் கோயில் மண்டபத்திலும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுமே சுமந்து வருகிறார்கள். அவர்களுடைய உழைப்புக்கு எதுவும் ஈடாகாது. ஆனாலும் மலாய், சீன மாணவர்கள் தயக்கமின்றி வந்து அமர்வதற்குப் பல்கலைக்கழக வகுப்பறை வழிவிடுகிறது. எங்களோடு பயின்ற ஒரு மலாய் மாணவர் பருவ முடிவில் மாயாமாளவகௌளை ராகத்தில் அலங்காரங்கள் என்னும் தாளப் பயிற்சிகளை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) தாளம் பிசகாமல் பாடினார்.

குறைகள் எல்லாம் நிர்வாகத்தின் பக்கம். ஒதுக்கிய அறை விரிவுரைக்காகக் கட்டப்பட்டது. குளிர்சாதன இயந்திரத்தின் இரைச்சல் தம்புராவின் ஒலியை விழுங்கிவிடுகிறது. மிருதங்கத்துக்கோ அது இன்னும் பெரிய கேடு. வெளியே இருக்கும் ஈரக் காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கியிருக்கும் வாத்தியம், குளிர்ந்த வறண்ட அறைக்குள் வந்ததும் இறுகிச் சுருதி ஏறத் தொடங்குவதால், ஆசிரியர் வகுப்பு நடுவே பாட்டை நிறுத்திவிட்டு விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்க்க வேண்டியிருக்கிறது. மாணவர்களுக்குக் கொடுத்த ஸ்வரத் தாள்களில் ஸ்தாயியைக் காட்டும் புள்ளிகள் நகலெடுத்தபோது மறைந்துபோயின. அதனால் எது மேல் ஷட்ஜம், எது கீழ் ஷட்ஜம் என்று பேனாவால் நாங்களே குறித்துக்கொண்டோம். கட்டணமும் வெளி வகுப்புகளைவிடச் சற்று அதிகம். இந்த ஆசிரியர்களுக்கு அது தகும். அந்த அறைக்குத் தகாது.

கீதத்துக்குப் பின் கற்கும் வர்ணம் வரை கற்று இடையில் விட்டவர்களுக்கும், பியானோ அல்லது வயலின் தெரிந்த இளையோருக்கும் இவ்வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முதல் பாடமான சரளி வரிசையிலிருந்து தொடங்க வேண்டிய குழந்தைகளுக்கு இது ஏற்றதன்று. ஆசிரியர்களின் ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டும் என்றும், தரை விரிப்புப் போட்ட, இரைச்சலில்லாத அறை ஒன்றைத் தர வேண்டும் என்றும் எங்களில் சிலர் துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். இந்த வகுப்பில் பயின்ற மற்றவர்களும் ஒப்பந்தம் முடிவதற்குள் தத்தம் பெயரில் எழுதித் தர வேண்டுகிறேன்.