விர்ச்சுவலைசேஷன் டிசைன் கற்க: இன்ஸ்டிட்யூட்டா, அதிகாரபூர்வ வகுப்பா, வீட்டு லேபா?

போன மாதம் சோழிங்கநல்லூர் சிக்னல் பக்கத்து டீக்கடையில் ஒரு தம்பி பிடித்துக்கொண்டான். "அண்ணா, நாலு வருஷமா சர்வர் சப்போர்ட்லயே ஓடுது. டிசைன் பக்கம் வரணும். எங்க சேரலாம்?" போனில் மூன்று பக்கங்களைத் திறந்து வைத்திருந்தான். வேளச்சேரி இன்ஸ்டிட்யூட் ஒன்றின் வீக்எண்ட் பேட்ச், விர்ச்சுவலைசேஷன் மென்பொருள் கம்பெனியான விஎம்வேரின் ஐந்து நாள் அதிகாரபூர்வ வகுப்பு, ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலைக்கு வந்த பழைய ரேக் சர்வரின் படம். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு சர்வருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டுவதுதான் விர்ச்சுவலைசேஷன். அதைச் செய்யும் மென்பொருளான ஹைப்பர்வைசரை இன்ஸ்டால் செய்வது, உள்ளே ஓடும் கம்ப்யூட்டரான விஎம்மை உருவாக்குவது, பேட்ச் (அப்டேட்) போடுவது எல்லாம் அட்மின் வேலை. டிசைன் வேறு. 300 பேர் உட்காரும் அலுவலகம், இரண்டு ஷிப்ட், கையில் இவ்வளவு பணம். விஎம்களைத் தாங்கும் சர்வரான ஹோஸ்ட் எத்தனை வாங்குவது, ஒன்று படுத்தால் மீதி தாங்குமா என்று கணக்குப் போட்டு எழுதித் தர வேண்டும். யாராவது ஏன் என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். மூன்று வழிகளில் எது அந்தப் பழக்கத்தைத் தரும் என்பதுதான் என் கேள்வி.

இன்ஸ்டிட்யூட்

இதை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் பேச மாட்டேன். காலை ஏழு மணிக்கு எழுந்து போக ஒரு இடம், கூடப் படிக்கப் பத்துப் பேர், திட்டுவதற்கு ஒரு வாத்தியார்: இது பலருக்கு வேண்டியிருக்கிறது. கட்டணமும் கைக்கு அடக்கம்.

சிக்கல் பாடத்தில். பல வருஷங்களுக்கு முன் நானும் ஒரு இடத்தில் சேர்ந்தேன். மூன்றாவது சனிக்கிழமை, பல ஹோஸ்ட்களை ஒன்றாகக் கட்டும் கிளஸ்டர் பாடம். சார் திரையில் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ் என்று அழுத்தி முடித்தார். பின்வரிசையில் ஒருவர், "சார், எத்தனை ஹோஸ்ட் போடணும்னு எப்படி முடிவு பண்றது?" என்று கேட்டார். "அதெல்லாம் ப்ராஜெக்ட்ல பார்த்துக்கலாம்." அத்துடன் அடுத்த ஸ்லைடு. நாங்கள் வந்ததே அந்தக் கேள்விக்காகத்தான்.

அதனால் டெமோ கிளாஸுக்குப் போகிறவர்கள் இதைக் கேட்டுப் பாருங்கள்: மூன்று ஹோஸ்ட், ஒவ்வொன்றிலும் 512 ஜிபி ரேம். விஎம்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? 1536 என்று பதில் வந்தால் பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். ஒரு ஹோஸ்ட் போனால் மீதி இரண்டு மொத்தச் சுமையையும் தாங்க வேண்டும், ஆகவே 1024, அதிலும் ஹைப்பர்வைசருக்கென்று கொஞ்சம் கழிக்கணும் என்று சொன்னால் உட்காரலாம். "பேட்ச் போட ஒரு ஹோஸ்ட்டை இறக்கியிருக்கும்போது இன்னொன்று விழுந்தால்?" என்று அவரே திருப்பிக் கேட்டால் அன்றைக்கே பணம் கட்டிவிடுங்கள்.

அதிகாரபூர்வ வகுப்பு

டிசைனை முறையாகச் சொல்லிக்கொடுப்பது இங்கேதான். தேவை, கட்டுப்பாடு, அனுமானம், அபாயம் என்று நான்காகப் பிரித்து எழுதுவது. கருத்துநிலை வரைபடத்திலிருந்து தர்க்கநிலைக்கும், அங்கிருந்து எந்த மாடல் சர்வர், எத்தனை போர்ட் என்ற நிலைக்கும் இறங்குவது. விஎம்வேரின் உச்சச் சான்றிதழான விசிடிஎக்ஸ் பட்டத்துக்கு விண்ணப்பித்தவர் தன் டிசைனை நடுவர் குழு முன் நின்று வாதாடிக் காக்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டத்தை வாங்காவிட்டாலும், அப்படி நின்று பதில் சொல்லும் பயிற்சிக்கு ஈடு கிடையாது.

குறை இரண்டு. எந்தக் கேள்விக்கும் பதில் அந்தக் கம்பெனியின் பொருளாகவே இருக்கும். அப்புறம், படிக்கிற பொருளே காலடியில் நகரும். விஎம்வேரை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கியது. டிசம்பரிலேயே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்று எல்லாம் சந்தாவானது. ஊழியர்களின் டெஸ்க்டாப்பையே சர்வரில் ஓட்டும் அதன் ஹொரைசன் 2024இல் ஆம்னிஸா என்ற தனிக் கம்பெனிக்குப் போனது. ஹொரைசனின் போட்டியாளரான சிட்ரிக்ஸும் 2022இல் கைமாறிவிட்டது. சான்றிதழில் ஒரு பெயர், விலைப்பட்டியலில் வேறு பெயர்.

மைக்ரோசாஃப்ட் வழி இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை. பாடங்கள் இணையத்தில் இலவசம். கிளவுடில் டெஸ்க்டாப் ஓட்டும் அஸூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கான ஏஇசட்-140 சான்றிதழ் ஒரு வருஷம் செல்லும். புதுப்பிக்கும் தேர்வு ஆன்லைனில் இலவசம். ஆனால் அதன் பெயரிலேயே இருப்பது அமைப்பதும் இயக்குவதும்தான். டிசைன் ஓரமாகத்தான் வருகிறது.

சொந்தக் காசில் ஐந்து நாள் வகுப்புக்குப் போக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கம்பெனி கட்டினால் மறுபேச்சில்லாமல் போங்கள்.

டெஸ்க்டாப் என்றால் கதையே வேறு

இங்கே கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம். சர்வர் பக்கம் கற்றவர்கள் டெஸ்க்டாப்பில் கால் வைத்ததும் வழுக்குவார்கள், நானும் வழுக்கியிருக்கிறேன். ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆரில் ஷிப்ட் பஸ்கள் வந்து நிற்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் 300 பேர் மாடியேறி, ஒரே மூச்சில் லாகின் செய்கிறார்கள். நாள் முழுக்கச் சும்மா இருந்த ஸ்டோரேஜ் அந்தப் பத்து நிமிடத்தில் மூச்சுத் திணறும். லாகின் ஸ்டார்ம் என்பது இதுதான். சராசரியை வைத்து அளந்த டிசைன் எல்லாம் காலை ஒன்பது மணிக்குத் தோற்கும்.

சராசரியே எப்படி ஏமாற்றும் என்று பார்க்கலாம். ஆளுக்கு 10 ஐஓபிஎஸ், அதாவது டிஸ்கில் நொடிக்குப் பத்துப் படிப்பு-எழுத்து என்று வைத்துக்கொள்வோம், 300 பேருக்கு 3000. ஆளுக்கொரு டெஸ்க்டாப்பை சர்வரில் ஓட்டும் விடிஐ முறையில் எழுதுவதுதான் அதிகம். 80 சதவீதம் என்போம். அதாவது 600 படிப்பு, 2400 எழுத்து. பல டிஸ்குகளை ஒன்றாகக் கட்டும் முறைதான் ரெய்டு. ரெய்டு 5இல் ஒரு எழுத்துக்கு டிஸ்கில் நான்கு வேலை, ஆகவே பின்னால் 10,200. ரெய்டு 10இல் ஒரு எழுத்துக்கு இரண்டே வேலை, 5,400தான். அதே ஆட்கள், அதே வேலை, டிஸ்கின் சுமை மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. எஸ்எஸ்டி வந்த பிறகு இது முன்போல உயிரை எடுப்பதில்லை என்றாலும், இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவரிடம் ஸ்டோரேஜ் வாங்கும் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது.

இதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இவர்களுக்குத் தனித்தனி டெஸ்க்டாப் எதற்கு? ஒரே அப்ளிகேஷனைத் திறந்து வைத்திருக்கும் கால் சென்டருக்கு, ஒரு விண்டோஸ் சர்வரைப் பலர் பகிரும் முறையே போதும். விடிஐ என்றால் விண்டோஸ் 11ஐ அப்படி ஓட்டத் தனி உரிமம் வேண்டும், பகிர்வு முறைக்கு ஆர்டிஎஸ் சிஏஎல் என்ற அணுகல் உரிமம் வேண்டும். ஒரே விண்டோஸ் 11இல் பலர் நுழையும் வசதி மைக்ரோசாஃப்டின் சொந்த மேடையில்தான் கிடைக்கிறது. இந்த லைசென்ஸ் விவகாரத்தை உட்கார்ந்து விளக்கிய இன்ஸ்டிட்யூட் வகுப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

வீட்டு லேப்

ரேக் சர்வர் வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்க்கும்போது ஆசையாக இருக்கும். வீட்டில் வைத்து ஆன் செய்தால் மிக்ஸி ஓடுகிற மாதிரி சத்தம், சென்னை மே மாதத்தில் அந்த அறைக்குத் தனி ஏசி. 200 வாட் இழுக்கும் பெட்டி நாள் முழுக்க ஓடினால் ஒரு நாளைக்கு 4.8 யூனிட், இரண்டு மாத ஈபி கணக்கில் 288. வீட்டுச் செலவோடு சேர்ந்து 500ஐத் தாண்டினால் ஸ்லாப்பே மாறிவிடும். 25 வாட் மினி பிசிக்கு அதே இரண்டு மாதத்தில் 36 யூனிட்தான். 64 ஜிபி ரேம் போட்டால் உள்ளேயே மூன்று விர்ச்சுவல் ஹோஸ்ட்களை ஓட்டிப் பழகலாம்.

எதை ஓட்டுவது? விஎம்வேரின் ஹைப்பர்வைசரான ஈஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பு 2024இல் நிறுத்தப்பட்டு 2025 ஏப்ரலில் திரும்ப வந்தது. ஆனால் பல ஹோஸ்ட்களைச் சேர்த்து நிர்வகிக்கும் விசென்டரோடு அதை இணைக்க முடியாது, ஆகவே கிளஸ்டர் பாடம் நடக்காது. விஎம்வேர் பயனர் குழுவான விஎம்யுஜியின் சந்தா வழியாக லைசென்ஸ் வாங்க முதலில் விஎம்வேரின் விசிபி சான்றிதழ்த் தேர்வில் தேறியிருக்க வேண்டும். நீச்சல் கற்ற பிறகுதான் குளத்தில் இறங்கலாம் என்கிற கதை. விண்டோஸ் சர்வர் 180 நாள் சோதனைப் பதிப்பில் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி முழுசாகக் கிடைக்கும். ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற இலவச விர்ச்சுவலைசேஷன் மென்பொருளுக்குக் காலக்கெடுவே கிடையாது. உள்ளே இருப்பது லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம். ஈஎஸ்எக்ஸ்ஐ விஎம்களை இழுத்துவரும் இறக்குமதி வசதியும் 2024இல் சேர்ந்துவிட்டது. இப்போதைக்கு அதுவே என் தேர்வு.

முதல் பாடம் இரண்டு ஹோஸ்ட் கிளஸ்டர் போட்டு ஒன்றின் லேன் இணைப்பைத் துண்டிப்பது. மற்றது நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் எந்த விஎம்மையும் ஸ்டார்ட் செய்ய மறுக்கும். கிளஸ்டரில் ஹோஸ்ட்டுக்கு ஒரு ஓட்டு, முடிவெடுக்கப் பெரும்பான்மை வேண்டும்; இரண்டில் ஒன்று பெரும்பான்மை இல்லையே. மூன்றாவது ஓட்டு எதற்கு என்பது எந்த ஸ்லைடும் தராத அளவுக்கு அப்போது புரியும்.

ஆனால் வீட்டு லேபில் லாகின் ஸ்டார்ம் வராது. ஃபைனான்ஸ் மேனேஜரும் வர மாட்டார். வெள்ளமும் வராது என்று எழுத நினைத்தேன், தரைத்தளத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். 2015 டிசம்பரைப் பார்த்த ஊரில் முதன்மை டேட்டா சென்டர் தரமணி, அது விழுந்தால் மாற்று இடம் அதே ஊரின் சிறுசேரி என்று வரைந்தால் அது பேரிடர் மீட்பு ஆகாது. அஸூரின் தென்னிந்திய மையம் சென்னையில், அதன் ஜோடி புனேயில். அந்தத் தூரத்துக்குக் காரணம் இருக்கிறது.

தம்பிக்கு நான் சொன்னது: மினி பிசியும் ப்ராக்ஸ்மாக்ஸும் நான்கு மாதம். டெஸ்க்டாப் பக்கம் போவதென்றால் கூடவே ஏஇசட்-140. தனியாகப் படிக்க ஒழுங்கு வராது என்று தோன்றினால் மட்டும் வேளச்சேரி, அந்த 512 ஜிபி கேள்விக்குப் பிறகு. விஎம்வேர் வகுப்பை மேனேஜரிடம் கேட்டுப் பார், இல்லை என்றால் விட்டுவிடு. நடுவில் ஒரு கற்பனை அலுவலகத்துக்கு டிசைன் எழுதி அனுப்பு, நான் கிழிக்கிறேன்.

போன ஞாயிறு வாட்ஸ்அப்பில் ஐந்து பக்கம் வந்தது. மூன்று ஹோஸ்ட், ரேம் கணக்கு சரி, ரெய்டு 10, மாற்று இடம் ஹைதராபாத். "யுபிஎஸ் எத்தனை நிமிஷம் தாங்கும்? ஜெனரேட்டருக்கு யார் டீசல் போடுவாங்க?" என்று கேட்டேன். நீல டிக் விழுந்து மூன்று நாள் ஆகிறது.